கோல் பிடித்தவரும் கடல் அறிந்தவரும்: ஆழ்கடல் தூண்டில் விளையாட்டின் வரலாறு

வெப்பமண்டலத் தீவுகளுக்கு விடுமுறைக்குச் செல்வோர் படகொன்றை அரை நாளுக்கோ முழு நாளுக்கோ வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கரை மறையும் தூரம் வரை சென்று, மார்லின், சூரை, மயில் மீன் முதலிய பெருமீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது இன்று ஹவாய், மொரீஷியஸ், பஹாமாஸ், மெக்சிகோ ஆகிய இடங்களில் சுற்றுலாத் தொழிலின் நிலைத்த பகுதியாக உள்ளது. இவ்விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் தூண்டில் கோலைப் பிடித்த செல்வர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. மீன் எந்த மாதத்தில் எந்த நீரோட்டத்தில் வரும், எந்த இரையை எப்படிக் கவ்வும் என்பதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களோ படகோட்டிகளும், சந்தைக்கு மீன் பிடித்து வாழ்ந்த கடலோரத்து மக்களும் ஆவர். இந்த இரண்டாம் தரப்பைச் சேர்க்காமல் எழுதப்படும் வரலாறு அரைகுறையானது.

விளையாட்டு ஒழுங்கு பெற்ற இடம் வெப்பமண்டலத்தில் இல்லை. கலிபோர்னியாவுக்கு அப்பாலுள்ள சாண்டா கேட்டலினா தீவில் 1898ஆம் ஆண்டு சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்னும் இயற்கையியலாளர், கோலும் ரீலும் கொண்டு 183 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 83 கிலோ எடையுள்ள நீலத்துடுப்புச் சூரையைப் பிடித்தார். பயணிகள் தடித்த கைக்கயிறுகளால் மீன்களை வாரிக் குவித்து வீணாக்குவதைக் கண்டு வருந்திய அவர், அதே ஆண்டில் அத்தீவின் அவலான் ஊரில் சூரை மீன் சங்கத்தைத் தோற்றுவித்தார். மெல்லிய நூலைக் கொண்டு மீனுக்கும் தப்பும் வாய்ப்பளித்துப் பிடிப்பதே முறை என்னும் நெறி அங்கேதான் எழுத்து வடிவம் பெற்றது.

அக்காலத்து ரீலில் நூல் சுற்றும் உருளையும் கைப்பிடியும் ஒன்றாகவே பிணைந்திருந்தமையால், மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியும் எதிர்த்திசையில் கடுவேகமாகச் சுழன்று விரல்களை முறித்தது. ஓட்டத்தைத் தடுப்பதற்கு, உருளையின் மீது தோல் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வில்லியம் போஷன் என்பவரும் ரீல் செய்வதில் கைதேர்ந்த ஜூலியஸ் வொம் ஹோஃபும் சேர்ந்து, உருளைக்குள்ளேயே உராய்வுத் தட்டுகளை அமைத்து, மீன் இழுக்கும்போது கைப்பிடி அசையாமல் நூல் மட்டும் இறுக்கமாக வெளியேறும் ரீலை உருவாக்கினர். அந்த ரீலைக் கொண்டு போஷன் 1913இல் 355 பவுண்டு எடையுள்ள வாள்மீனைப் பிடித்ததை நூல்கள் தவறாமல் குறிப்பிடுகின்றன. மீனைக் கண்டு படகை அதன் அருகே கொண்டு சென்ற ஜார்ஜ் ஃபார்ன்ஸ்வொர்த்தின் பெயர் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பட்டத்தின் நூலில் தூண்டிலைத் தொங்கவிட்டு, இரையாகக் கோத்த பறவை மீன் அலைமேல் துள்ளிச் செல்வதுபோல் தோன்றச் செய்யும் முறையை 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேட்டலினாவில் கொண்டுவந்தவரும் அவரே. இலைப் பட்டங்களைக் கொண்டு மீன் பிடிக்கும் வழக்கம் இந்தோனேசியத் தீவுகளிலும் பசிபிக் தீவுகளிலும் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே நிலவி வந்தது.

விளையாட்டை வெப்பக் கடலோடும் விடுமுறையோடும் பிணைத்தது இரயில் பாதை. ஹென்றி ஃபிளாக்லரின் புளோரிடா கிழக்குக் கரை இரயில்வே தீவு தீவாகப் பாலமிட்டுச் சென்று 1912இல் கீ வெஸ்ட்டை அடைந்தது. வழியில் லாங் கீ தீவில் அந்நிறுவனம் நடத்திய மீன்பிடி விடுதிக்குக் குளிர்கால விருந்தினர்கள் வடக்கிலிருந்து வந்து சேர்ந்தனர். நாவலாசிரியர் ஸேன் கிரே அங்கு 1917இல் தோன்றிய மீன்பிடிச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1935 செப்டம்பரில் வீசிய புயல் அவ்விடுதியை அழித்துவிட்டாலும், விடுதியும் படகும் வழிகாட்டியும் ஒரே கட்டணத்துக்குள் அடங்கும் ஏற்பாடு நிலைபெற்றுவிட்டது.

ஆயினும் பெரிய மார்லின்களைப் பற்றிய அறிவு அமெரிக்கக் கரையில் அல்லாமல் கியூபாவின் வடகரையில்தான் திரண்டு கிடந்தது. ஹவானாவை ஒட்டியே வளைகுடா நீரோட்டம், அதாவது மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெளிப்பட்டு அட்லாண்டிக்கில் பாயும் வெந்நீரோட்டம், கிழக்கு நோக்கி ஓடுகிறது. அங்குள்ள மீனவர்கள் சிறு படகுகளில் விடியுமுன் புறப்பட்டு, நீரோட்டத்தின் போக்கில் படகை மிதக்கவிட்டு, முழு மீனை இரையாகக் கோத்த கைக்கயிறுகளை வெவ்வேறு ஆழங்களில் இறக்குவர். 1952இல் வெளிவந்த எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' நாவலில் முதியவர் தம் நான்கு கயிறுகளையும் 40 முதல் 125 பாகம் வரையிலான ஆழங்களில் நிறுத்துவது இத்தொழில்முறையையே காட்டுகிறது (பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறத்தாழ ஆறு அடி). மார்லின் நீரோட்டத்தை எதிர்த்து மேற்கு நோக்கி நீந்தும் என்பதும், வெள்ளை மார்லின் ஏப்ரல், மே மாதங்களிலும் பெரிய நீல மார்லின் கோடை முதிர்ந்த பின்னும் வரும் என்பதும் இம்மீனவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்த செய்திகள். விளையாட்டுக்காரர்களுக்குக் கோப்பையாக விளங்கிய இந்த மீன் இவர்களுக்கு ஹவானா சந்தையில் இறைச்சியாக விலைபோகும் பொருளாகவே இருந்தது.

ஹெமிங்வேக்கு இந்த மீன்களைப் பற்றி முதலில் எடுத்துரைத்தவர் கார்லோஸ் குத்தியெரெஸ் என்னும் ஹவானா மீனவர். குளிர்காலத்தில் மீன்படகொன்றின் தலைவராகவும் கோடையில் மார்லின் பிடிப்பவராகவும் வாழ்ந்த அவர், சிறுவயதிலேயே தந்தையுடன் இத்தொழிலுக்கு வந்தவர். ஹெமிங்வே 1932இல் ஹவானாவுக்கு வந்து மார்லின் பிடிக்கத் தொடங்கினார். 1933இல் எஸ்குயர் இதழின் முதல் வெளியீட்டில் எழுதிய கட்டுரையில் கார்லோஸிடம் பெற்ற அறிவை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். இந்த நேர்மை இத்துறையில் எழுதியோரிடம் அரிதாகவே காணப்படுவதால் அது பாராட்டுக்குரியது. 1934இல் புரூக்ளினில் கட்டப்பட்ட 38 அடி நீளமுள்ள 'பிலார்' என்னும் அவருடைய படகில் முதலில் கார்லோஸும், 1938 முதல் கிரெகோரியோ ஃபுவென்டெஸும் பணியாற்றினர். பிலாரில் 1934ஆம் ஆண்டுக் கோடையில் ஃபிலடெல்ஃபியா இயற்கை அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபவுலர் முதலியோர் தங்கி, மார்லின் வகைகளை ஆராய்ந்தனர். மீனவரின் பட்டறிவு விளையாட்டின் வழியாக அறிவியலுக்குச் சென்று சேர்ந்த அருமையான தருணங்களுள் அதுவும் ஒன்று.

மார்லினும் மயில் மீனும் இரையை முதலில் நீண்ட அலகால் அடித்துவிட்டே பின்னர் விழுங்க வரும். அடி விழுந்த உடனே கோலை வெட்டி இழுத்தால் முள் வாயில் ஏறாமல் இரை வெறுமனே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆகவே அடி விழுந்ததும் நூலைச் சில கணங்கள் தளரவிட வேண்டும் என்பதைப் படகோட்டிகள் கண்டறிந்து, விருந்தினருக்குப் பயிற்றுவித்தனர். 1930களில் டாமி கிஃபர்ட் முதலிய புளோரிடா படகோட்டிகள் பரப்பிய பக்கக் கழிகள் இந்தத் தளர்வைத் தாமாகவே நிகழ்த்தின. படகின் இருபுறமும் சாய்ந்து நிற்கும் இந்த நீண்ட கழிகளின் முனையில் நூல் இலேசான கவ்வியில் மாட்டப்பட்டிருக்கும். மீன் அடித்தவுடன் கவ்வி விடுபட்டு, முனையிலிருந்து நீர்மட்டம் வரையிலான நூல் தொய்ந்து விழ, நின்ற இரையை மீன் திரும்பி வந்து விழுங்கும். முன்பின் கடலைக் கண்டிராத விருந்தினரும் ஒரே நாளில் மார்லினைக் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலையை உருவாக்கியது இக்கருவிதான். வாடகைப் படகுத் தொழில் பெருகியதற்கு விளம்பரத்தைக் காட்டிலும் இது பெரிய காரணம் எனலாம்.

மயாமியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பஹாமாஸ் தீவான பிமினி, அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பிலிருந்த 1920 முதல் 1933 வரை மதுக்கடத்தலால் பிழைத்தது. விலக்கு நீங்கியபின் அத்தீவு மீன்பிடி விருந்தினரை நம்பலாயிற்று. தூண்டிலில் சிக்கித் தளர்ந்த சூரைகளைச் சுறாக்கள் கடித்துக் குதறிவிடுவது அங்கு பெருந்தொல்லையாக இருந்தது. சுறா கடித்த மீன் கணக்கில் சேராது என்னும் விதியால்தான் ஸேன் கிரே 1930இல் தஹிதியில் பிடித்த, ஆயிரம் பவுண்டைத் தாண்டிய மார்லினும் ஏற்கப்படாமல் போயிற்று. பிமினிக்கு அடிக்கடி வந்த வணிகர் மைக்கேல் லெர்னரின் முயற்சியால் 1939இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் நிறுவப்பட்டது. கோலையோ நூலையோ வேறொருவர் தொட்டால் அந்த மீன் சாதனையாகாது என அச்சங்கம் விதித்தது. கோலைப் பொறுத்தவரை இவ்விதி நியாயமானதே. ஆனால் கடைசி வரையில் மீனை நோக்கிப் படகைத் திருப்பிக்கொண்டே இருந்த படகோட்டியின் பங்கு இதனால் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானப் பயணம் பெருகவே, தூரக் கடல்களும் விடுமுறைக்கு எட்டின. பெருவின் கபோ பிளாங்கோவில் 1953 ஆகஸ்ட் 4 அன்று ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த 1,560 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 708 கிலோ எடையுள்ள கறுப்பு மார்லினின் சாதனை இதுவரை முறியடிக்கப்படவில்லை. ஹவாயின் கோனாவில் 1954இலும், ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸில் 1966இலும் ஆயிரம் பவுண்டைத் தாண்டிய மார்லின்கள் பிடிபட்டதும் அவ்வூர்களின் துறைகள் வாடகைப் படகுகளால் நிறைந்தன. கோனாவில் விருந்தினர் பிடித்த மீன் படகுக்கே உரியது என்பதும், படகினர் அதைச் சந்தையில் விற்றுக்கொள்வதும் நெடுநாள் வழக்கம். அங்கு விளையாட்டும் பிழைப்பும் ஒரே படகில் சேர்ந்தே நடந்தன.

இதே காலத்தில், நம் மீனவர் ஆயிரங்கால் தூண்டில் என வழங்கும் நெடுங்கயிற்று முறையைப் பெருங்கப்பல்களில் கொண்டு 1950களில் அட்லாண்டிக்கிலும் பரவிய வணிக மீன்பிடி, கோல்கள் பிடித்ததைக் காட்டிலும் பன்மடங்கு மார்லின்களை அள்ளியது. மீனின் உடலில் அடையாள வில்லை பொருத்தி விடுவிக்கும் திட்டத்தை உட்ஸ் ஹோல் ஆய்வகத்தின் ஃபிராங்க் மேத்தர் 1954இல் தொடங்கி, விளையாட்டுக்காரர்களையும் படகோட்டிகளையும் அதில் சேர்த்துக்கொண்டார். மார்லினைக் கொன்று துறையில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் மெல்ல மெல்ல விலகி, விடுவிப்பதே பெருமை என்ற மதிப்பு வளர்ந்ததில் இத்திட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2012இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் மார்லின் முதலியவற்றின் விற்பனையைத் தடை செய்தபோது, ஹவாய் முதலிய பசிபிக் தீவுகளின் பழைய வழக்கத்துக்கு விலக்களித்தது.

ஹவானாவுக்குக் கிழக்கே உள்ள கோஹிமார் என்னும் மீனவர் ஊரில் ஹெமிங்வேயின் மார்பளவுச் சிலை நிற்கிறது. 1961இல் அவர் இறந்தபின் அவ்வூர் மீனவர்கள் தம் படகுகளின் சுழல்விசிறிகள் முதலிய உலோகப் பொருள்களைக் கொடுத்து, அவற்றை உருக்கி அச்சிலையை வார்க்கச் செய்தனர். கிரெகோரியோ ஃபுவென்டெஸ் அதே ஊரில் 2002 வரை, 104 வயது நிரம்பும் வரை வாழ்ந்தார். பெருமீன் பிடிப்பின் வரலாற்றை இனி எழுதுவோர், சாதனைப் பட்டியல்களோடு நின்றுவிடாமல், கோஹிமார் போன்ற துறைகளின் படகோட்டிகள் விட்டுச்சென்ற குறிப்புகளையும் வாய்மொழிகளையும் தேடித் தொகுக்க வேண்டும்.