1,500 ரூபாயில் தொடங்கிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடி அண்ணாச்சி ஒரு பழுப்புக் கவரோடு வந்தார். உள்ளே நான்கு எஃப்.டி. ரசீதுகள், ஒவ்வொன்றும் 4 லட்சம். ஒரே கூட்டுறவு வங்கி. மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நான்கு கிளைகள். மும்பையில் முப்பது வருடம் ஸ்டோர்ஸ் கீப்பராக இருந்து சேர்த்த பணம்.

"பிரிச்சுத்தான் போட்டிருக்கேன் தம்பி. அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் உண்டும்லா? ஒவ்வொண்ணும் நாலுதான. பயமில்லல்லா?"

காப்பி போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நான் கவுண்டரில் இருந்த காலத்திலிருந்தே கேட்கும் கேள்வி இது. பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1906 அக்டோபர் 22. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. வெள்ளைக்காரன் கம்பெனி, மூழ்கவே மூழ்காது என்று நம்பி பென்ஷன்காரர்களும் விதவைகளும் பணம் போட்டு வைத்திருந்த இடம். முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. அதனால் போட்டவர்கள் பணம் திரும்பி வந்துவிடவில்லை. கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்ற மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முன்னால் நின்றார். 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி திறந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் வங்கி விழுந்தால் டெபாசிட்காரன் கதி என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது.

1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்க் விழுந்தது. அப்போதும் அதே கதை.

1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் பாங்க். ரிசர்வ் வங்கியே கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போய் மூட உத்தரவு வாங்கியது. அதே வருடம் லட்சுமி பாங்க்கும் போனது. இந்த இரண்டு அடிக்குப் பிறகுதான் டில்லிக்கு உறைத்தது. 1961-ல் சட்டம் வந்தது. 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் வேலையைத் தொடங்கியது. அன்று ஒருவருக்கு உச்சவரம்பு 1,500 ரூபாய். பிரீமியம் நூறு ரூபாய்க்கு வருடம் 5 பைசா. அதைக் கட்டுவது வங்கி, நாமல்ல.

வரம்பு பிறகு மெதுவாக ஏறியது. 1968-ல் 5,000, 1970-ல் 10,000, 1976-ல் 20,000, 1980-ல் 30,000, 1993-ல் 1 லட்சம். அதோடு 27 வருடம் தூங்கிவிட்டது! 1993-ல் 1 லட்சத்துக்கு என்னவெல்லாம் வாங்கலாம், 2019-ல் என்ன வாங்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் இது கவனக்குறைவு இல்லை, அலட்சியம்.

எழுப்பிவிட்டது மும்பையின் பி.எம்.சி. வங்கி. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தடை போட்டபோது, ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். 2020 பிப்ரவரி 4-ல் வரம்பு 5 லட்சமானது. வங்கியை முடக்கினால் 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணம் வர வேண்டும் என்ற திருத்தம் 2021-ல் வந்தது. அதற்கு முன் கலைப்பு நடவடிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டும். 2022 ஜனவரியில் பி.எம்.சி.யை வேறொரு வங்கியோடு இணைத்தார்கள். 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மீதிப் பணம் 10 வருடத்தில் தவணை தவணையாக என்று திட்டம். எழுபது வயதுக்காரருக்கு 10 வருடத் தவணை!

இனி அண்ணாச்சியின் கணக்கு. 5 லட்சம் என்பது ஒரு ரசீதுக்கு இல்லை, ஒரு கிளைக்கும் இல்லை. ஒரே வங்கியில் ஒருவர் தன் பெயரில் வைத்திருக்கும் சேமிப்பு, எஃப்.டி., ஆர்.டி. எல்லாவற்றையும், எல்லாக் கிளைகளிலும் கூட்டி, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம். அண்ணாச்சியின் 16 லட்சத்தில் 11 லட்சத்துக்குக் குடை இல்லை. அதே வங்கியில் கடன் இருந்தால் அதையும் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

கணவன் மனைவி கூட்டாகப் போட்டால் அது தனிக் கணக்கு, அதற்குத் தனியாக 5 லட்சம். வேறு வங்கி என்றால் அங்கே மறுபடி 5 லட்சம். ஊரில் தொடக்க வேளாண் கூட்டுறவு சங்கத்தில் போட்டது, நிதி கம்பெனி, ஃபைனான்ஸ் கம்பெனி, சீட்டு எதற்கும் இந்தக் காப்பீடு கிடையாது. (ஊரில் அப்பா பெயரில் எங்கே கிடக்கிறது என்று இந்த முறை போன் செய்யும்போது கேட்டு வையுங்கள்.) தபால் ஆபீஸ் பணம் வேறு வகை, அதற்கு மத்திய அரசே பொறுப்பு.

அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் ரசீதுகளின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை சதவீதம் வட்டி கூட என்றுதான் அங்கே போனாராம். கடைசியில், "டோம்பிவிலி ரசீது மார்ச்ல முடியுது. அத உங்க ஆச்சியும் நானும் சேந்து வேற பேங்க்ல போட்டுருதோம். மத்தத இப்பவே உடைச்சா வட்டி எவ்வளவு போவும்னு பாத்துச் சொல்லும்" என்றார். ரசீதுகள் இப்போது என் மேஜையில் இருக்கின்றன. இன்று ராத்திரி கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும்.