பழவேற்காட்டுத் தோணியும் தவக்குலும்



பழவேற்காட்டின் வரலாற்றை எழுதுவோர் டச்சுக்காரர்களின் கப்பல்களையும், 1613இல் அவர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையையும் விரிவாகக் கூறுவர். அவர்கள் வருவதற்கு முன்பே தமிழ் முஸ்லிம் வணிகர்களும் செட்டிமார்களும் இக்கரையிலிருந்து வண்ணத் துணிகளை மலாக்கா வரை கொண்டு சென்றனர். ஆனால் அப்பெரிய கப்பல்கள் ஊரை ஒட்டி வந்து நின்றதில்லை. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தமையால் அவை கடலிலேயே நங்கூரமிட்டன. துணிப் பொதிகளையும் மனிதர்களையும் அலை தாண்டி ஏற்றி இறக்கியவை சிறு படகுகளே. ஆணியின்றி, பலகைகளை நார்க் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகுகள் சோழமண்டலக் கரையெங்கும் இருந்தன. அலை மோதும்போது அவை வளைந்து கொடுக்கும், எளிதில் உடைவதில்லை.

இந்த ஏரி சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். ஆழமில்லாத நீர் அச்சத்தைப் போக்கிவிடுகிறது. அச்சம் போனதும் கவனமும் போய்விடுகிறது.

சிறுவனாக இருந்தபோது என் தந்தையாருடன் அக்கரைக் குப்பத்திற்குத் தோணியில் சென்றேன். "அஸர் தொழுததும் கிளம்பிடுங்க பாய், தண்ணி வத்திடும்" என்று தோணிக்காரப் பெரியவர் முன்னரே கூறியிருந்தார். தந்தையார் பேச்சில் நேரத்தைக் கடத்திவிட்டார். திரும்பும் வழியில் தோணி தரைதட்டி நின்றது. "முழங்கால் தண்ணீர்தானே" என்று தந்தையார் இறங்கினார். தொடை வரை சேற்றில் புதைந்தார். பெரியவர் கம்பை நீட்டி அவரை மேலே இழுத்தார். செருப்பு மட்டும் சேற்றோடு போயிற்று.

"தண்ணி ஆழத்தைப் பாத்தீங்க பாய், சேத்து ஆழத்தைப் பாக்கலையே" என்றார் பெரியவர்.

அன்று மஃக்ரிபைத் தோணியில் அமர்ந்தவாறே தொழுதோம். நீர் ஏறிய பிறகே கரை சேர்ந்தோம். உம்மா செருப்பைப் பற்றிக் கேட்டபோது தந்தையார் பதில் சொல்லவில்லை.

எங்களுக்கு அது பின்னாளில் சொல்லிச் சிரிக்கும் கதையாயிற்று. எல்லோருக்கும் அவ்வாறு அமைவதில்லை. 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். விடுமுறை நாளில் குழந்தைகளுடன் நீரைக் காணச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் நினைவிற்கொள்ள வேண்டிய நாள் அது.

நம்மில் சிலர் பயண துஆவை ஓதிவிட்டால் போதும் என எண்ணுகின்றனர். நூஹ் (அலை) அவர்களுக்கு அல்லாஹ்வின் பாதுகாப்பு உறுதியாக இருந்தது. ஆயினும் கப்பலைக் கட்டுமாறு அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதே நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஆட்களை அளவோடு ஏற்றுவதும், மிதவை அங்கி அணிவதும், காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்தவர் "இன்று வேண்டாம்" என்றால் திரும்பிவிடுவதும் தவக்குலுக்கு முரணானவை அல்ல, அதன் பகுதிகளே.

பழவேற்காட்டுச் சின்னப் பள்ளிவாசலில் நிழல் கடிகாரம் ஒன்று உள்ளது. தொழுகையின் நேரத்தைக் கணிக்க நம் முன்னோர் சூரியனின் நிழலை அளந்தனர். தொழுகைக்கு நேரம் பார்ப்பது போலவே அவ்வூர்த் தோணிக்காரர்கள் நீருக்கும் நேரம் பார்த்தனர். அன்று என் தந்தையார் முதலாவதைப் பேணினார், இரண்டாவதைத் தவறவிட்டார். நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் கற்றுக்கொடுப்போம்.

கரையிலும் நீரிலும் அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.