துரோகிகளின் நிலம்

திருத்தணியில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். 1960-ல்தான் இந்த ஊர் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களில் தெலுங்கு சகஜம். அதனால் பழைய எழுத்தென்றால் பயமில்லை. ராஜகொலை என்றாலும் என் கண் முதலில் நிலத்தைத்தான் தேடும்.

பக்கத்துத் திருவாலங்காட்டில் 1905-ல் கிடைத்த செப்பேட்டில் 31 ஏடுகள். ராஜேந்திர சோழன் பழையனூரைக் கோயிலுக்கு எழுதிவைத்த சாசனம் அது. அதில் அவனுடைய பெரியப்பன் ஆதித்த கரிகாலன் பாண்டியன் தலையைக் கொண்டுவந்து வெற்றித்தூணாக நிறுத்துகிறான். பிறகு சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசையில் மறைந்துவிடுகிறான். இப்படியொரு இறப்புச் சான்றிதழை வைத்து வாரிசுப் பத்திரம் போட முடியுமா?

உண்மையில் அவனைக் கொன்றார்கள். கொன்றவர்களின் பெயரைச் சொல்வது காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு. சோமன், தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், இன்னொரு தம்பி பரமேஸ்வரனான இருமுடிச்சோழப் பிரமாதிராயன். பிராமணர்கள், பட்டத்தைப் பார்த்தால் அரசு உத்தியோகம் பார்த்தவர்கள். கொலை 969-ஐ ஒட்டி நடந்தது. கல்வெட்டோ ஆதித்தனின் தம்பி ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 987 வாக்கில். இடையில் ஆண்டவன் உத்தம சோழன். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் அவனைச் சந்தேகித்தார், மறுத்தவர்களும் உண்டு. ரவிதாசனை மந்திரவாதியாக்கியது நாவலாசிரியர் கல்கியின் கைவேலை, கல்லில் அதெல்லாம் இல்லை.

கல்லில் இருப்பது ஜப்தி. துரோகிகளின் சொத்து மட்டுமல்ல, பிள்ளைகள், பெண் கொடுத்த மாமனார், தாய்மாமன், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் வரை எல்லாருடையதும். சிரச்சேதம் என்று ஒரு வார்த்தை கிடையாது. பிராமணனைக் கொல்லக் கூடாதென்பது தர்மசாஸ்திரம்.

இங்கிலாந்தில் இதே சிக்கல் தலைகீழாக வெடித்தது. குற்றம் செய்த பாதிரியைத் தண்டிப்பது அரசன் கோர்ட்டா, சபையின் கோர்ட்டா? இரண்டாம் ஹென்றிக்கும் பேராயர் தாமஸ் பெக்கெட்டுக்கும் இதுதான் முக்கியமான தகராறு. 1170 டிசம்பர் 29-ல் அரசனின் வீரர்கள் நால்வர் கேன்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே பேராயரை வெட்டினார்கள். 1173-ல் அவர் புனிதரானார். மறுவருஷம் ஹென்றி வெறுங்காலோடு போய்ச் சாட்டையடி வாங்கிக்கொண்டான்.

ராஜராஜனுக்கு அந்தச் சங்கடமில்லை. உயிரைத் தொடாமல், நிலத்தைத் தொட்டான். உத்தரவு போனதும் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பிராமண சபைக்கே; துரோகிகளின் நிலத்தை அவர்களே விற்றார்கள். பல்லவரையன் பட்டம் கொண்ட ஒருவர் அதில் கொஞ்சம் கிரயம் பெற்று, கோயிலில் தினமும் பிராமணர்கள் சாப்பிட எழுதிவைத்தார். அந்தத் தர்மத்தைப் பதிவு செய்யத்தான் கல்லே வெட்டினார்கள். கொலை அதில் வில்லங்க விவரமாக வருகிறது.