அருகிருந்து காத்தவர்

மருத்துவத்தின் வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கண்டுபிடிப்புகளே. அம்மை குத்தும் முறையை வகுத்த ஜென்னர், பெனிசிலினைக் கண்ட பிளெமிங், ரேடியத்தைப் பிரித்தெடுத்த கியூரி அம்மையார் ஆகியோரைப் பாடநூல்கள் போற்றுகின்றன, போற்றத்தான் வேண்டும். ஆயினும், திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு நிற்கவில்லை. அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுப்பவரையும் சேர்த்தே எண்ணுகிறார். அந்த நான்காமவரின் வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. புற்றுநோயாளரைப் பேணும் முறையையே மாற்றிய ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லி, அக்குறையைச் சிறிது நீக்க விழைகிறேன்.

அவர் பெயர் சிசிலி சாண்டர்ஸ். 1918-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வசதி மிக்க குடும்பத்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பயின்றுகொண்டிருந்த காலத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, 1940-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையின் செவிலியர் பள்ளியில் சேர்ந்தார். அது புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-இல் நிறுவிய பள்ளி. பயிற்சி முடிந்ததும் முதுகுநோய் அவரை வருத்தியது. நோயாளரைத் தூக்கித் திருப்பும் பணி இயலாமற்போகவே, அவர்தம் குடும்ப நலங்களைக் கவனிக்கும் மருத்துவ சமூகப் பணியாளரானார்.

1947-இல் அவர் டேவிட் டாஸ்மா என்பவரைச் சந்தித்தார். போலந்திலிருந்து வந்த யூதர், உற்றார் எவருமற்றவர், தீராத புற்றுநோயுடையவர். சாகும் வேளையில் மனிதனுக்கு என்ன வேண்டும் என்று இருவரும் பலநாள் பேசினர். மருந்து வேண்டும், அதனோடு, கேட்கச் செவியுடைய ஒருவரும் வேண்டும். 1948-இல் அவர் இறந்தபோது 500 பவுன் விட்டுச்சென்றார். சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அதன்பின் சாண்டர்ஸ் ஓய்வு நேரங்களில் லண்டனில் புனித லூக்கா இல்லத்தில் செவிலியாகத் தொண்டு செய்தார். அங்கேதான் அவர் கண் திறந்தது. பொதுவாக அந்நாளைய மருத்துவமனைகளில் நோயாளி வலி பொறுக்காமல் கேட்டபிறகே மார்ஃபின் போன்ற மருந்து தரப்படும். அடிக்கடி கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்ற அச்சமே காரணம். இந்த இல்லத்துச் செவிலியரோ, கடிகாரம் பார்த்து, வலி திரும்புமுன்னரே அடுத்த வேளை மருந்தைக் கொடுத்தனர். நோயாளர் மயங்கிக் கிடக்கவில்லை. பேசினர், உண்டனர், உறங்கினர். வலி வருமோ என்ற அச்சமே வலியைப் பெருக்குகிறது என்பதை அவர் உணர்ந்தார்.

இவ்விடத்தில் என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1990-களில் என் தமக்கையார் புற்றுநோயால் படுக்கையில் கிடந்தார். “தாங்க முடியாதபோது சொல்லுங்கள், ஊசி போடுகிறோம்” என்றனர் மருத்துவமனையில். அவரோ பிறருக்குத் தொல்லை தர விரும்பாதவர். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். ஆசிரியனாகிய நான் அவர் பொறுமையை வியந்து புகழ்ந்தேன். அது புகழத்தக்கதன்று, தணிக்கத்தக்கது என்பதை மிகப் பிந்தியே கற்றேன்.

அக்காலத்தில் நம் நாட்டில் மார்ஃபின் கிடைப்பதும் அரிதாயிருந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்படி அதை வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. 2014-இல் வந்த திருத்தம் அக்கட்டுகளைத் தளர்த்தியது.

சாண்டர்ஸின் வரலாற்றுக்குத் திரும்புவோம். செவிலி சொன்னால் எவர் கேட்பார்? மருத்துவராகிச் சொல் என்று ஓர் அறுவை மருத்துவர் அவருக்கு அறிவுரை கூறினார். அவரும் 33-ஆம் வயதில் மருத்துவ மாணவியாகி, 1957-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு கன்னியர் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில் சேர்ந்து, வேளை தவறாமல் மருந்தளிக்கும் முறையை அங்கே புகுத்தினார். நூற்றுக்கணக்கான நோயாளரின் நிலையைக் குறிப்பெடுத்து, அம்முறையின் பயனைச் சான்றுகளோடு நிறுவினார். உடல்வலி, மனக்கவலை, குடும்பத்தின் துயரம், வாழ்வின் பொருள் பற்றிய கலக்கம் ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயாளியின் முழு வேதனை என்று கற்பித்தார்.

1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. சாளரத்தைச் சுற்றி இல்லம் எழ 19 ஆண்டுகள் ஆயின. 1969-இல் அவ்வில்லத்துச் செவிலியர் நோயாளரின் வீடுகளுக்கே சென்று பணிபுரியத் தொடங்கினர். அக்கருத்து உலகெங்கும் பரவியது. நம் அண்டையிலுள்ள கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்புப் பணியும் அதன் வழி வந்ததே.

2005-இல் சாண்டர்ஸும் புற்றுநோயால் மறைந்தார். தாம் நிறுவிய அதே இல்லத்தில், தாம் பிறருக்குக் கற்பித்த பராமரிப்பைப் பெற்றே அவர் கண் மூடினார்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் மருத்துவராகலாம், சிலர் செவிலியராகலாம். ஆனால் எல்லோரும் ஒருநாள் ஏதேனும் ஒரு கட்டிலருகே அமர வேண்டியிருக்கும். அப்போது நோயாளி கேட்கட்டும் என்று காத்திராதீர்கள், “இப்போது வலிக்கிறதா?” என்று நீங்களே முதலில் கேளுங்கள். என் தமக்கையாரிடம் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.