குடும்பம் சொன்னதைக் கேட்ட ஒரு டாக்டர்

1/ 1960, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். விபத்தில் கால் உடைந்து 21 வயது மாணவர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவருக்குக் காலைவிட மயக்க மருந்து மேலதான் பயம். ஏன்? அவரோட சொந்தக்காரங்க 10 பேர் மயக்க மருந்தால் இறந்திருந்தாங்க.

2/ அவங்களுக்குக் கொடுத்தது ஈதர். அதனால் இவருக்கு அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோதேன் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே ரத்த அழுத்தம் சரிந்தது, உடம்பு கொதித்தது. உடனே மருந்தை நிறுத்தி, ஐஸ் வைத்துக் குளிரவைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

3/ டாக்டர் மைக்கேல் டென்பரோ இதை இதோடு விடவில்லை. குடும்பத்தாரிடம் விசாரித்தார். தலைமுறை தலைமுறையாக வரும் பரம்பரைக் கோளாறு என்று புரிந்தது. அதே ஆண்டு லோவெல் என்பவருடன் சேர்ந்து லான்செட் இதழில் எழுதினார். இன்று இதன் பெயர் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா.

4/ இந்தக் கோளாறு இருப்பவர்களுக்குச் சில மயக்க வாயுக்களோ சக்சினைல்கோலின் ஊசியோ கொடுத்தால், தசைக்குள் கால்சியம் கட்டுக்கடங்காமல் வெளியாகும். தசை இறுகும், உடம்பு கொதிக்கும். 1975-ல் தென்னாப்பிரிக்காவின் ஹாரிசன், டான்ட்ரோலீன் மருந்து இதை முறிப்பதைப் பன்றிகளில் காட்டினார். முன்பு பெரும்பாலானோர் இறந்தார்கள். இன்று அந்த மருந்து உடனே கிடைத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள்.

5/ ஆபரேஷனுக்கு முன்னாடி, "வீட்ல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சனை வந்திருக்கா?" என்று கேட்பது சம்பிரதாயம் இல்லைங்க. தாத்தா, அத்தை, சித்தப்பா, யாருக்கு வந்திருந்தாலும் சொல்லுங்க. கேட்காவிட்டாலும் சொல்லுங்க. முன்கூட்டியே தெரிந்தால் அந்த மருந்துகளைத் தவிர்த்துப் பாதுகாப்பாக மயக்கம் கொடுக்க வழி இருக்கு.