கைபட்டுக் குன்றிய அலை

வெளியே நீண்டுநின்ற அன்ரெனாவை முதற்கண் உடலினுள் மறைத்த கைத்தொலைபேசி, பின்னர் அதனைத் தன் விளிம்பிலேயே அணிந்துகொண்டது. 2010 யூன் 24இல் விற்பனைக்கு வந்த அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 4 அத்தகையது. அதனைச் சூழ்ந்த கறையில் உருக்குப் பட்டையே அன்ரெனாவாயிற்று. பட்டையின் ஒரு பகுதி புளூரூத், வைபை என்பவற்றிற்கும், மற்றையது தொலைபேசி அலைகட்கும் உரியது. அவற்றைப் பிரிக்கும் மெல்லிய இடைவெளி இடப்பக்கக் கீழ்ப்புறத்தே, இடக்கையால் ஏந்துவோரின் உள்ளங்கை படியும் இடத்தில் அமைந்தமையே கேட்டிற்கு வித்தாயிற்று.

மனித உடல் மின்னைக் கடத்துவது. தோல் அவ்விடைவெளியை மூடவே, இரு பகுதிகளும் இணைந்தாற்போலாகி, அன்ரெனா தனக்குரிய மீடிறனினின்றும் பிறழ்ந்தது. அலை வலிமைமிக்க இடங்களில் இதனை உணர்ந்தோர் அரியர். நலிந்த இடங்களிலோ பேச்சு அறுந்தது.

முறையிட்ட ஒருவருக்கு நிறுவனத் தலைவர் ஸ்ரீவ் ஜொப்ஸ் மின்னஞ்சலில் அளித்த விடை, அவ்வாறு பிடித்தலைத் தவிர்க்க என்பதாம். விலைகொடுத்து வாங்கியவனுக்குப் பிடிக்கும் முறை கற்பித்தல் வணிகர்க்கு அழகன்று. யூலை 2இல் வெளியான மடல் வேறொரு காரணங் காட்டியது: அலைவலிமை காட்டும் கோடுகளைக் கணிக்கும் முறை பிழையானது, பலவிடத்து இரு கோடுகள் மிகையாகத் தோன்றின. இது மெய்யே. ஆயினும் வெப்பமானியைத் திருத்தினாற் காய்ச்சல் தணியுமோ? யூலை 12இல் கன்சியூமர் றிப்போட்ஸ் என்னும் நுகர்வோர் ஏடு, தன் ஆய்வுகூடத்திற் சோதித்தபின், இக்கருவியை வாங்குமாறு பரிந்துரைக்க இயலாதென்றது. இடைவெளிமீது தடித்த ஒட்டுநாடாவை ஒட்டுமாறு அது கூறிய பரிகாரம் நகைப்பிற்கிடமாயினும் பயனுடையதே.

யூலை 16இல், கலிபோர்ணியாவின் கூப்பர்ரீனோவில் நிருபர்களைக் கூட்டிய ஜொப்ஸ், பிற நிறுவனக் கருவிகளும் கைபட்டால் அலை குன்றுவதைக் காட்டினார். நொக்கியா முதலாயின இதனை மறுத்துரைத்தன. நூறு மில்லியன் டொலருக்கு மேற் செலவிட்ட அன்ரெனா ஆய்வுகூடமும் அன்று காட்டப்பட்டது. அத்துணைச் செலவும் ஓர் உள்ளங்கைக்கு முன் போதாதாயிற்று! முறையிட்டோர் 0.55 வீதத்தினரே எனக் கூறியபோதும், 29 டொலருக்கு விற்ற விளிம்புறையைச் செத்தெம்பர் 30 வரை இலவசமாக வழங்க நிறுவனம் இசைந்தது. காவலிடும் அவ்வுறையே உண்மையான மருந்து.

அமெரிக்காவில் எழுந்த வழக்கு, வாங்கியோர் 15 டொலரோ உறையோ பெறலாமென 2012இல் இணக்கமுற்றது. அதற்கு முன்னரே, 2011 ஒற்றோபரில் வெளிவந்த ஐபோன் 4எஸ், இரு அன்ரெனாக்களுள் நலிவுறாததை அழைப்பின்போதே தெரிந்துகொள்ளுமாறு ஆக்கப்பட்டிருந்தது.