உருண்டையைத் தொடாத ஆட்டம்

திரையில் ஒரு சின்ன உருண்டை. அதைச் சுற்றி வளைந்து நெளிந்து செல்லும் புதிர்வழி. கையில் ஒரு திருகு குமிழ். குமிழைத் திருப்பினால் உருண்டை நடுவிலேயே நிற்கும், புதிர்வழி முழுதும் சுழலும். சமமாக இருந்த சுவர் சரிவாகும். உருண்டை தன் எடையால் உருளும். நேரம் தீர்வதற்குள் அதை வாசல் சேர்க்க வேண்டும். ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1989-இல் வெளியிட்ட 'கேமல்ட்ரை' இதுதான்.

இதற்குச் சரியாக நூறு ஆண்டு மூத்த பாட்டி ஒருத்தி உண்டு. 1889-இல் அமெரிக்கப் பொம்மைக்காரர் சார்லஸ் கிராண்டல் 'பிக்ஸ் இன் குளோவர்' என்றொரு வட்டப் பெட்டி செய்தார். வட்டத்துக்குள் வட்டமாகச் சுவர்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இடைவெளி. நான்கு கோலிகளே பன்றிகள். பெட்டியைச் சாய்த்துச் சாய்த்து நடுவிலுள்ள பட்டிக்குள் ஓட்ட வேண்டும். ஒன்றை அடைத்துவிட்டு அடுத்ததற்குச் சாய்த்தால் முதல் பன்றி வெளியே ஓடிவிடும். நம் திருவிழாக் கடைகளில் கண்ணாடி மூடியோடு விற்ற குண்டுப் பெட்டியை ஆட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். அன்று அமெரிக்க செனட் உறுப்பினர்களே இதில் மூழ்கினார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின.

1946-இல் சுவீடனின் பிரியோ நிறுவனம் ஒரு மரப் பலகையைக் கொண்டுவந்தது. அதைச் சாய்க்கப் பக்கத்துக்கொன்றாக இரண்டு குமிழ்கள், வழியெங்கும் குழிகள்.

ஆனால் பெட்டியானாலும் பலகையானாலும் சற்றே சாய்க்கத்தான் முடியும், தலைகீழாக்க முடியாது. அந்தத் தளையை அறுத்தது கணினி. அழகு அதன் கணக்கில் இருக்கிறது. வழியைச் சுழற்றுவதும், வழியை அப்படியே வைத்துப் புவியீர்ப்பின் திசையை எதிர்ப்புறம் திருப்புவதும் உருண்டைக்கு ஒன்றே. எனவே ஆயிரம் சுவர்களின் இடத்தை மாற்றிக் கணக்கிட வேண்டியதில்லை. கீழ் எது என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

கடினம், அந்தச் சுழற்சியைக் கண்ணுக்குக் காட்டுவதில். அன்றைய வீட்டு இயந்திரங்களில் சூப்பர் நின்டென்டோவுக்குப் பின்னணிப் படத்தைச் சுழற்றும் வசதி பிறவியிலேயே இருந்தது. 1992-இல் கேமல்ட்ரை அதில் எளிதாகக் குடியேறியது. சேகாவின் மெகா டிரைவுக்கு அந்த வசதி இல்லை. இருந்தும் 1991-இல் வந்த 'சோனிக்' விளையாட்டின் சிறப்புக் கட்டங்களில் புதிர்வழி சுழன்றது. சுவரின் ஒவ்வொரு கல்லையும் தனிப் படமாக்கி, அதன் சாய்வுகளை முன்கூட்டியே வரைந்து வைத்து, அந்தந்தக் கணத்துக்கு உரியதை அடுக்கினார்கள். எனக்கு இந்த உழைப்பின் மேல்தான் மதிப்பு அதிகம்.

2008-இல் பந்து மீண்டும் சுவீடனுக்கே உருண்டது. மால்மோ நகரின் இல்லூஷன் லேப்ஸ், ஐபோனுக்கு 'லேபிரிந்த்' என்ற விளையாட்டைத் தந்தது. மரப் பலகை, குழிகள், இரும்புக் குண்டு எல்லாம் திரைக்குள். குமிழ் மட்டும் இல்லை. கிராண்டலின் பெட்டியைப் போலவே, போனையே சாய்க்க வேண்டும்.